பிள்ளை குண்டாகிறதா? முதலில் வீட்டைப் பாருங்கள்!

"ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்! மூணு இட்லி வச்சா ஒண்ணரையில எழுந்து போயிடறா. ஆனா வெயிட் மட்டும் மாசத்துக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது. தைராய்டா இருக்குமோ?"

குழந்தை நல மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தட்டில் வைத்ததில் அந்தப் பெண் பாதிதான் சாப்பிடுகிறாள். ஆனால் தட்டுக்கு வெளியே?... பள்ளி விட்டதும் ஒரு பப்ஸ். டியூஷன் போகிற வழியில் ஒரு கூல்டிரிங்க். படிக்கும்போது பக்கத்திலேயே ஒரு சிப்ஸ் பாக்கெட். ராத்திரி பதினோரு மணிக்கு நாலு க்ரீம் பிஸ்கெட். நாம் 'சாப்பாடு' என்று கணக்கு வைப்பது தட்டில் விழுவதை மட்டும்தான். உடம்புக்கு அந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது!

பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ள காலத்தை வளர் இளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயரம் சரசரவென்று கூடுவதும், எலும்பு பலப்படுவதும், பெண் பூப்படைவதும், பையனுக்குக் குரல் உடைவதும் இந்தக் காலத்தில்தான். இதே பருவத்தில் இடுப்பும் பெருத்துப் போனால் அது சுலபத்தில் விடாது. விடலை வயதில் மிகவும் குண்டாக இருப்பவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பெரியவர்களான பிறகும் அப்படியேதான் இருக்கிறார்கள். 'வயசானா தானா வத்திடும்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் பெரும்பாலும் பலிப்பதில்லை.

எவ்வளவு வேகம்!

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து விஞ்ஞானிகள் எடுத்த ஒரு பெரிய கணக்கு 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உடல் பருமன் கொண்டவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல்? சுமார் 1 கோடியே 25 லட்சம்! முப்பது மடங்கு.

இந்த முப்பது வருடத்தில் நம் பிள்ளைகளின் பரம்பரை மாறிவிடவில்லை. அவர்கள் திடீரென்று பேராசைக்காரர்களாகவோ சோம்பேறிகளாகவோ பிறக்கவும் இல்லை. அப்படியானால் மாறியது எது? நம் வீட்டு அன்றாடம்தான்.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பையனின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு அரைத் தூக்கத்தில் எழுகிறான். ஏழேகாலுக்கு வாசலிலேயே வேன். அதில் உட்கார்ந்தபடி முக்கால் மணி நேரம். பள்ளியில் பெஞ்சில் ஆறு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு உண்டு; அதில் ஒன்றை கணக்கு டீச்சர் 'போர்ஷன் முடிக்கணும்' என்று கடன் வாங்கிக்கொள்வார்! மறுபடி வேன். ஐந்தரைக்கு டியூஷன், நடக்கும் தூரம்தான், ஆனால் 'டிராஃபிக் ஜாஸ்தி' என்று அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். எட்டரைக்கு வீடு. டிவிக்கு முன்னால் சாப்பாடு. பிறகு ஹோம்வொர்க். அதற்கும் பிறகு, தலையணைக்கு அடியில் செல்போன். தூங்கப் பன்னிரண்டு.

இந்த நாளில் அந்தப் பிள்ளை எங்கே ஓடினான்? எங்கே குதித்தான்? லிஃப்ட் இல்லாத பள்ளியாக இருந்தால், மாடிப்படி ஏறியதுதான் அவன் செய்த ஒரே உடற்பயிற்சி!

இப்போது நீங்கள் ஒன்பதாவது படித்த நாளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கு நடை, இல்லையென்றால் சைக்கிள். சாயங்காலம் தெருவில் கிரிக்கெட், கபடி, பாண்டி. டிவியில் பிடித்த நிகழ்ச்சி வருவதே வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பஜ்ஜி, பூரி, அதிரசம் எல்லாம் அப்போதும் உண்டு. ஆனால் அதிரசம் தீபாவளிக்கு; பூரி ஞாயிற்றுக்கிழமைக்கு. பண்டிகைக்கு வந்த விருந்தாளி, இப்போது தினமும் வீட்டிலேயே குடியிருக்கிறார்!

2020-ல் கொரோனா வந்தது. விளையாட்டு மைதானம் மூடியது. வகுப்பே செல்போனுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 2021 நவம்பரில் எல்லா வகுப்புகளும் திறந்த பிறகும், அந்த நாட்களில் ஒட்டிக்கொண்ட இரண்டு பழக்கங்கள் பல வீடுகளில் போகவே இல்லை: எதற்கும் கையில் போன், பசித்தால் ஆப்பில் ஆர்டர்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்

"ஒரே ஒரு கூல்டிரிங்க்தானே, நாளைக்கு வாக்கிங் போனா சரியாப் போச்சு!" என்பீர்கள். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஆறு, ஏழு டீஸ்பூன். காபியில் இத்தனை ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் குடிப்போமா? கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் 120 கலோரி. 50 கிலோ எடையுள்ள பையன் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 40 கலோரி. ஆக, இரண்டு நிமிடத்தில் குடித்ததைக் கரைக்க மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்!

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. குடிக்கும் கலோரி வயிற்றை நிரப்புவதில்லை. இரண்டு தோசை சாப்பிட்டால் 'போதும்' என்று மூளை சொல்லும். கோலாவுக்கும், பாக்கெட் ஜூஸுக்கும் அப்படிச் சொல்லாது. குடித்த பிறகும் அதே பசியோடு சாப்பிட உட்காருவான்.

டப்பாவில் வரும் மால்ட் பவுடர்களும் இதில் சேர்த்திதான். 'உயரமா வளரணுமே' என்று பாலில் இரண்டு ஸ்பூன் குவித்துப் போட்டு, அதற்கு மேல் சர்க்கரையும் சேர்க்கிறோம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சர்க்கரை தாராளம். இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது.

தூக்கத்துக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். இந்த வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே கொஞ்சம் தள்ளி ஓட ஆரம்பிக்கிறது. ராத்திரி தூக்கம் வருவது இயற்கையாகவே தாமதமாகும். அதோடு போன் வெளிச்சமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் காலை வேன் யாருக்காகவும் காத்திருப்பதில்லையே!

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. 'வயிறு நிரம்பியது' என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. மறுநாள் மனம் தேடுவது கீரையை அல்ல, இனிப்பையும், வறுவலையும்தான். காலையில் எழ முடியாமல் டிபனை விட்டுவிட்டு ஓடும் பிள்ளை, பதினோரு மணிக்கு கேன்டீனில் இரண்டு சமோசா சாப்பிடுவதன் ரகசியம் இதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அம்மா கண்ணுக்குப் பிள்ளை எப்போதும் இளைத்தே தெரியும்! பெரியவர்களுக்குச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கையும் (கிலோ எடையை, மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுப்பது) பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. வயதுக்கு வயது, ஆண் பெண்ணுக்கு ஏற்ப அளவு மாறும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயது வரை உள்ள நம் பிள்ளைகளுக்கென்றே வளர்ச்சி அட்டவணை வெளியிட்டிருக்கிறது. உங்கள் டாக்டரிடம் அதில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் பார்க்க ஒரு சுலபமான வழி, தையல் டேப். பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். உயரம் 160 செ.மீ. என்றால் இடுப்பு 80-க்குள். அவ்வளவுதான்!

இடுப்பை ஏன் பார்க்க வேண்டும்? நம் இந்திய உடம்பு கொஞ்சம் வித்தியாசமானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய 'ஒல்லிக் குண்டர்கள்' நம்மிடையே அதிகம். எனவே, 'என் பையன் ஒல்லிதான், லேசா தொப்பை மட்டும்' என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

2016-18-ல் மத்திய அரசு எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், வளர் இளம் பருவத்தினரில் எடை மிகுந்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்! எடை மிகாத பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உடம்பு சொல்லும் செய்திகள்

கீழே உள்ளவற்றில் எதைக் கண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கழுத்துக் கருப்பு: பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருமை. 'குளிக்கும்போது சரியா தேய்க்கறதே இல்லை' என்று பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்க்கிறோம். தோல் புண்ணாகுமே தவிர கருமை போகாது. அது அழுக்கே அல்ல! உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் எழுதிக் காட்டும் கடிதம். இடுப்பு குறைந்தால் அதுவும் மெல்ல மங்கும்.

மாதவிலக்குக் கோளாறு: வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் தேதி முன்னே பின்னே இருப்பது சகஜம். அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று தள்ளிப் போனாலோ, முகத்தில் முடி, அடங்காத பரு என்று சேர்ந்து வந்தாலோ, சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பி.சி.ஓ.டி.யாக இருக்கலாம்.

குறட்டை: பிள்ளை குறட்டை விட்டால் 'நல்லா தூங்கறான்' என்று அர்த்தமில்லை. மூச்சுப் பாதை அடைபடுகிறது என்று அர்த்தம். பகலில் தூங்கி வழிவதும், படிப்பில் கவனம் போவதும் இதனால் இருக்கலாம்.

நொண்டி நடப்பது: எடை மிகுந்த பிள்ளை முழங்கால் வலி, தொடை வலி என்று சொல்லி நொண்டினால், 'விளையாட்டுல அடிபட்டிருக்கும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். இடுப்பு மூட்டில் எலும்பின் வளர்ச்சிப் பகுதி நழுவியிருக்கலாம். வலி முழங்காலில் தெரியும். கோளாறு இடுப்பில் இருக்கும். அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டிய அவசரம் இது.

சத்தமே போடாமல் வருபவை இன்னும் மூன்று: ரத்த அழுத்தம், ஈரலில் கொழுப்பு, சர்க்கரை. பத்து வயது தாண்டிய, எடை மிகுந்த பிள்ளைக்கு ரத்த அழுத்தமும், சர்க்கரை, கொழுப்பு, ஈரல் பரிசோதனைகளும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விடலை வயதில் வரும் 'டைப்-2' சர்க்கரை, பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமாக முற்றுகிறது. முப்பது வயதில் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டால், அந்தப் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது?

செய்யவே கூடாதவை

பயந்து போனதும் நாம் முதலில் செய்வது என்ன? பிள்ளையின் தட்டிலிருந்து சோற்றை எடுக்கிறோம். 'உனக்கு ஒரு சப்பாத்தி போதும்' என்கிறோம். பக்கத்தில் அண்ணன் நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறான். அப்பா முறுக்கைக் கடித்தபடி, 'வாயைக் கட்டணும்டா' என்று உபதேசம் செய்கிறார்! இது நடக்கிற காரியமா?

வளரும் பிள்ளைக்குப் பசி நிஜம். பட்டினி போட்டால் திருட்டுத்தனமாகச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும். பாத்ரூமில் ஒளித்து சாக்லேட் சாப்பிட்ட பிள்ளைகள் உண்டு. சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், எதிர்ப்பக்கம் போய் சாப்பாட்டையே வெறுத்து, விரலை விட்டு வாந்தி எடுக்கும் அளவுக்கும் போகிறார்கள். எடையைப் பற்றி ஓயாமல் பேசுவதும், டயட் திணிப்பதும் உடல் பருமனையும் சாப்பாட்டுக் கோளாறுகளையும் வளர்க்கும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-ல் பெற்றோரை எச்சரித்தது.

கேலி அதைவிட மோசம். 'குண்டூஸ்', 'பூசணிக்கா', 'யானைக்குட்டி'... வீட்டில் செல்லமாகத்தான் கூப்பிடுகிறோம். பள்ளியிலும் அதே பேர் கிடைக்கிறது, செல்லம் இல்லாமல்! கேலிக்குப் பயந்த பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கே போகாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அங்கே துணை யார்? போனும் சிப்ஸும்தான். கல்யாண வீட்டில் ஒரு மாமி, 'என்னடி இப்படி ஊதிட்டே! நாளைக்கு யார் கட்டிப்பா?' என்று கேட்டால், தயங்காமல் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றுங்கள். அந்த ஒரு விநாடியில் நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள் என்பதைப் பெண் மறக்க மாட்டாள்.

டிவியிலும் செல்போனிலும் விளம்பரம் வரும் இளைக்கும் பவுடர், கஷாயம், பெல்ட்... எதுவும் வேண்டாம். மருந்தோ ஊசியோ தேவைப்படுகிற அளவுக்கு எடை கூடிய பிள்ளைகளும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் சிறப்பு மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

ஒரு நல்ல செய்தி

பெரியவர்களுக்கு இல்லாத ஒரு வசதி பிள்ளைகளுக்கு உண்டு. அவர்கள் வளர்கிறார்கள்! பன்னிரண்டு வயதுப் பையன், உயரம் 148 செ.மீ., எடை 52 கிலோ என்று வையுங்கள். பி.எம்.ஐ. 23.7. அந்த வயதுக்கு இது அதிகம். அவன் ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருடத்தில் 10 செ.மீ. வளரும்போது எடை அதே 52-ல் நின்றால் போதும், பி.எம்.ஐ. 20.8 ஆகிவிடும்!

ஆனால் இந்த வசதிக்குக் கெடு உண்டு. பெண் பிள்ளை பூப்படைந்த பிறகு உயரம் பொதுவாகச் சில சென்டிமீட்டர்தான் கூடும். பையனுக்கும் பதினேழு, பதினெட்டில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 'பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடும் வீடுகள் இழப்பது இந்தப் பொன்னான வருடங்களைத்தான். (எடை மிக அதிகமாக இருந்தாலோ, வளர்ச்சி முடிந்துவிட்டாலோ மெல்லக் குறைக்க வேண்டியிருக்கும். அது டாக்டர் மேற்பார்வையில்.)

வீட்டுக்கு ஒரே சட்டம்

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை மிகுந்தவர்கள். அதாவது, குண்டுப் பிள்ளை தனியாக இருப்பதில்லை. பல வீடுகளில் அப்பா அம்மாவும் அதே படகில்தான். அதனால் பிள்ளைக்கென்று தனி டயட் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். அப்பாவுக்கும் சேர்த்துத்தான்!

எண்ணெய்: ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல கணக்கு. நாலு பேருக்கு இரண்டு லிட்டர். உங்கள் மளிகை பில்லை எடுத்துப் பாருங்கள். நாலு, ஐந்து லிட்டர் என்று இருந்தால் எங்கே போகிறது என்று புரியும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி!

வாங்கினால்தானே தின்ன முடியும்: பிஸ்கெட், சிப்ஸ், கோலா மூன்றையும் மாத லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் வைத்துக்கொண்டு 'சாப்பிடாதே' என்று காவல் காப்பதைவிட, இல்லாமல் இருப்பது எல்லோருக்கும் நிம்மதி. மாதம் ஒரு நாள் வெளியே போய்ச் சந்தோஷமாகச் சாப்பிட்டு வாருங்கள். ஐஸ்கிரீமும் உண்டு!

நாலரை மணிப் பசி: எல்லாம் கெடுவது இந்த நேரத்தில்தான். வேனை விட்டு இறங்கும்போது தயாராக ஏதாவது இருக்கட்டும். கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, பச்சைப்பயறு, அவித்த முட்டை, கொய்யா, வாழைப்பழம், கேழ்வரகு அடை, காய் போட்ட அவல் உப்புமா. குடிக்க மோர், எலுமிச்சை ஜூஸ் (சர்க்கரை குறைத்து). வேலைக்குப் போகும் அம்மாவா? காலையிலேயே குக்கரில் கடலையை வேக வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குத் தாளிக்கத் தெரியாதா என்ன? பையனுக்கும் கற்றுக்கொடுங்கள்.

தட்டு: பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பருப்பு, முட்டை, மீன், சுண்டல் மாதிரி. மீதிக் கால் தட்டு சோறோ சப்பாத்தியோ. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. சோற்று மலை, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குப் பொரியல்! இன்றைக்கே தலைகீழாக்க முடியாது. வாரத்துக்கு ஒரு கரண்டி காயைக் கூட்டுங்கள், ஒரு கரண்டி சோற்றைக் குறையுங்கள்.

டிவி, போன்: சாப்பிடும் இடத்தில் இரண்டும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு எல்லா போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். 'எல்லா' என்றால் அம்மாவுடையதும்!

நாளுக்கு ஒரு மணி: 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம். டியூஷனுக்கு சைக்கிள் 20 நிமிடம், மாடிப்படி, மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் 15 நிமிடம், சாயங்காலம் ஷட்டில் 25 நிமிடம். ஓட வெட்கப்படும் பிள்ளைக்கு நீச்சல், சிலம்பம், நடனம் எது பிடிக்கிறதோ அது. பிடிக்காததை வைத்தால் பத்து நாள்தான் ஓடும்.

பள்ளியையும் கேளுங்கள்

எல்லாவற்றையும் வீடே செய்துவிட முடியாது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலோ, அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்தது. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில், எந்தப் பானத்தில் எத்தனை சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேன்டீன் எப்படி? பி.டி. பீரியடு நிஜமாக நடக்கிறதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

சில சந்தேகங்கள்

"தைராய்டு, ஹார்மோன் கோளாறா இருக்காதா?"
இருக்கலாம், ஆனால் அபூர்வம். தைராய்டு குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் உயரமாக வளர மாட்டார்கள். வயதுக்கேற்ற உயரமோ அதற்கு மேலோ இருந்தால், காரணம் அநேகமாக அன்றாடப் பழக்கம்தான். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் கட்டாயம் பரிசோதியுங்கள்.

"எங்க பரம்பரையே இப்படித்தான். என்ன செய்ய?"
பரம்பரைக்குப் பங்கு உண்டு, பொய்யில்லை. அதனால்தான் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைவிடச் சீக்கிரம் கவனம் தேவை. பரம்பரையாக வருவது உடல்வாகு மட்டுமா? வீட்டு ருசியும் எண்ணெய்க் கரண்டியும்கூடப் பரம்பரையாகத்தான் வருகின்றன!

"மாமியார் விடவே மாட்டேங்கறாங்க. 'வளர்ற பிள்ளை, சாப்பிடட்டும்'னு வடை சுட்டுக் கொடுத்துடறாங்க."
பாட்டியை எதிரியாக்காதீர்கள். அவர் கைப்பக்குவம்தான் உங்களுக்குப் பெரிய உதவி! 'அத்தை, உங்க கையால கேழ்வரகு அடை, கொள்ளு ரசம்னா ஆசையா சாப்பிடறான்' என்று சொல்லிப் பாருங்கள். வடை வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும்.

"நீட் கோச்சிங், பொதுத் தேர்வு... விளையாட நேரமே இல்லையே?"
ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளைக்குப் படிப்பில் கவனம் கூடுமே தவிரக் குறையாது. தூக்கத்தைத் திருடிப் படித்தது மறுநாள் பாதி நினைவில் நிற்காது. தேர்வு வருடத்தில்தான் தூக்கமும் விளையாட்டும் அதிகம் தேவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை...

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிந்துபோகும்! இந்த ஞாயிறு காலை, காபி குடித்ததும், தையல் டேப்பை எடுங்கள். வீட்டில் எல்லோர் இடுப்பையும் உயரத்தையும் அளந்து காலண்டரின் பின்பக்கம் எழுதுங்கள். முதலில் அப்பா, அடுத்து அம்மா, கடைசியில் பிள்ளைகள். மேலே சொன்னவற்றில் ஏதாவது இரண்டை மட்டும் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளவெடுக்கலாம்.

அப்பாவின் டேப் அளவு வெளியே வந்ததும் வீட்டில் ஒரு சிரிப்பு எழும். எழட்டும்! 'நான் மட்டும் இல்லை' என்று உங்கள் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெரியும்.